மூன்றாம் வருஷத்துப் படி

தம்பி, அம்மா எழுதுகிறேன். இதை உனக்குப் போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை நீ மீட்டிங்கில் இருந்தாய். இரண்டாம் தடவை நீ எடுப்பதற்குள் நானே கட் செய்துவிட்டேன். மூன்றாம் தடவை “சாப்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பது வருஷம் வகுப்பில் நின்று கத்திய வாய் இது, பெற்ற பிள்ளையிடம் ஒரே ஒரு சங்கதி சொல்ல வரமாட்டேன் என்கிறது. கை மட்டும் ஒத்துக்கொண்டது. ஒரு காலத்தில் இதே கைதான் ஒரு பெரிய பொய்யை எழுதியது, ஆகையால் உண்மையையும் இதுவே எழுதட்டும். எதிர்வீட்டு சார் நாளைக் காலை சென்னைக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

முந்தாநாள் ரீட்டா எனக்குப் போன் செய்தாள். நீ குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துச் செய்திருக்கிறாள். “அத்த, எனக்கு இந்த ஆபரேஷன் வேணாம் அத்த. வியாழக்கிழமை நான் வரமாட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன்” என்றாள். ஏண்டி அம்மா என்று பதறிப்போய்க் கேட்டேன். “டாக்டருங்க ஆயிரம் சொல்லட்டும். உங்க புள்ள மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. எதிர்ல உக்காந்துகினு என்னையப் பாக்க மாட்டேன்றாரு, எனக்குப் பின்னால மாட்டியிருக்கற காலண்டரப் பாக்கறாரு. இதே நோயோட கணக்கப் போடறவரு அவரு. அவருக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியப்போவுது? சும்மா எதுக்கு அறுத்துக்கினு பேஜாரு?” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். போன வாரம் நீ என்னிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது. “அம்மா, அந்தக் கோடு எனக்குத் தெரியும்மா, நானே போட்ட கோடு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாயே. உன் கோட்டைப் பற்றித்தான் தம்பி இந்தக் கடிதம். அதில் ஒரு தப்பு இருக்கிறது. அந்தத் தப்பைச் செய்தவள் நான்.

1993ல் எனக்கும் ரீட்டாவைப் போலவே மார்பில் புற்றுநோய் வந்தது. எழுதிவிட்டேன், பார். இருபத்துநாலு வருஷம் ஆகியிருக்கிறது இந்த ஒரு வரியை எழுத. அப்போது உனக்கு ஐந்து வயது, நாம் கூட்டேரிப்பட்டில் இருந்தோம். அப்பா மெயின்ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். நான் தினமும் பஸ் ஏறித் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். குளிக்கும்போது வலது பக்கம் மல்லாட்டைப் பருப்பளவு, உங்கள் சென்னைக்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே அந்த அளவு, ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பருப்பாக இருந்தது தோலோடு முழு மல்லாட்டை அளவு ஆகிறவரை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. படித்தவள், டீச்சர், என்ன பிரயோஜனம்? கடைசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் இருந்த டயரைக் கீழே போட்டார். கடையைச் சாத்தினார். “ஜல்தி பொடவ மாத்திக்கினு வா, பஸ்ஸு வந்துரும்” என்றார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் பையை என்னிடம் கொடுக்கவே இல்லை, தூக்கிக்கொண்டே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வலது மார்பை எடுத்தார்கள். உனக்கு அம்மா டிரெய்னிங்குக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி, செல்வி அத்தைதான் சோறு ஊட்டித் தூங்கவைத்தாள். பத்தொன்பது வயசுப் பெண், அப்பாவின் தங்கை, நான் திரும்பி வந்ததும் என் புண்ணைத் துடைத்துக் கட்டுப்போட்டவளும் அவள்தான். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. மருந்து ஏற்றியதில் எனக்கு முடி மொத்தமாகக் கொட்டியபோது, வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்ட மொட்டை என்று ஊருக்குச் சொன்னோம். தாய்க்கு மட்டும் மொட்டை என்றால் நம்பமாட்டார்களே, சாட்சிக்கு உன்னையும் பிடித்து மொட்டை அடித்தோம். ஆல்பத்தில் நாம் இரண்டு பேரும் மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டிருக்கிற போட்டோவைக் காட்டி ரீட்டா எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறாள்! நாம் அந்த வருஷம் வேளாங்கண்ணிக்குப் போகவே இல்லை, தம்பி. மாதாவிடம் அதற்கும் சேர்த்துத்தான் பிறகு மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அடிக்கடி வலது கை வீங்கும். போர்டில் எழுதி எழுதி வலிக்கிறது என்பேன், நீ தேங்காயெண்ணெய் தடவி அமுக்கிவிடுவாய். அதுவும் அந்த ஆபரேஷனால் வந்த வீக்கம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு கார்டு வரும். திறந்த கார்டு, மேலே ஆஸ்பத்திரி பெயர், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதோடு ஒட்டினாற்போல் பதில் கார்டு. நலமாக இருக்கிறார், நோயுடன் இருக்கிறார், இறந்துவிட்டார் என்று மூன்று கட்டம், ஒன்றில் டிக் அடித்துப் பெட்டியில் போட வேண்டும். முதல் மூன்று வருஷம் ஒழுங்காக நலம் என்று டிக் அடித்து அனுப்பினேன். 1996ல் செல்வி அத்தைக்குத் திண்டிவனத்தில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா நம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்துப் போஸ்ட்மேன் வந்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த அந்தம்மா கையிலேயே கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தம்மா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆஸ்பத்திரி சீல் கீதே, இன்னா இது? உங்க வூட்ல யாருக்கு ஒடம்பு செரியில்ல?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மெடிக்கல் செக்கப் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வாங்கிக்கொண்டேன். செல்வி உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

புற்றுநோய் வந்த வீட்டில் அப்போதெல்லாம் பெண் எடுக்க மாட்டார்கள், இந்தக் கார்டு இன்னொரு தடவை வந்தால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. அவர்கள் பஸ் ஏறிப் போனதும் உட்கார்ந்து மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தேன். தேதி கேட்டிருந்தது, அன்றைய தேதியையே போட்டேன். கையெழுத்தைச் சாய்த்து எழுதி அப்பா பெயரில் ஒப்பமிட்டேன். எத்தனை பிள்ளைகளின் அப்பா கையெழுத்துத் திருட்டைப் பிடித்து முட்டிபோட வைத்திருக்கிறேன், அந்த டீச்சர் செய்த வேலை இது. பெட்டியில் போட்டுவிட்டு வந்து அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டினேன். செத்துப்போனவள் கிண்டிய கூழை அன்றைக்கு நீ இரண்டு கிண்ணம் குடித்தாய்.

செய்த காரியம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அப்பா பெயருக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது, நல்லவேளை என் கையில் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்‌ஷனில் ஓர் அம்மா இருந்தார், நோயாளிகளின் பேரேடு அவர் பொறுப்பு. அவர் கைப்பட எழுதியிருந்தார். டீச்சரம்மா வார்டில் இருந்தபோது பக்கத்துக் கட்டில் பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது, செக்கப்புக்கு வரும்போதெல்லாம் அவித்த மல்லாட்டை கொண்டுவந்தது எல்லாம் எழுதியிருந்தார். சின்னப் பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்று உன்னையும் விசாரித்திருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: இந்தத் துக்கத்திலும் எங்கள் கார்டுக்குப் பதில் போட்டீர்கள், பல வீடுகளிலிருந்து பதிலே வருவதில்லை, உங்கள் பதில் இனி வரப்போகும் பெண்களுக்கு உதவும். ஐயோ தம்பி, அதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகை! அந்தக் கடிதம் இன்னும் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். பெயர் போட முடியுமா? பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரியின் ஆன்மாவுக்காக என்று சீட்டில் எழுதினேன். சாமியார் பீடத்தில் நின்று அதை உரக்க வாசித்தார். கூட்டத்தோடு கூட்டமாக முழங்காலில் நின்று நானும் எனக்காக ஜெபம் சொன்னேன். பக்கத்தில் நீ பிஸ்கட் கேட்டு என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தாய். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எழுதிய பொய் பலித்துவிடுமோ என்ற பயம் எனக்கு வருஷக்கணக்கில் இருந்தது. அதற்கப்புறம் செக்கப்புக்கும் போகவில்லை, செத்தவள் எப்படிப் போய் வரிசையில் நிற்பது? அது நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். என்னைப் பார்த்து ஒருத்தரும் அப்படிச் செய்யக் கூடாது. செல்வி அத்தை இன்றைக்கு மூன்று பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள், எனக்கு அதில் சந்தோஷம்தான். அப்பா கண்ணை மூடுகிறவரை இந்தக் கார்டு விஷயத்தை அவரிடமும் நான் சொல்லவில்லை.

நீ புள்ளியியல் படித்து முடித்து, அதே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஸ்வீட் பாக்ஸோடு, நாம் குடிமாறி வந்த இந்த விழுப்புரம் வீட்டுக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? நான் போகவே கூடாது, பேங்க் பரீட்சை எழுது என்று ஒரு வாரம் உன்னோடு மல்லுக்கு நின்றேன். “உனக்கு என்னாம்மா பைத்தியமா?” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். பைத்தியம் இல்லையடா, பயம். எங்கே தோண்டினால் நான் கிடைப்பேன் என்று தெரிந்த ஒரே இடத்துக்கு நீ மண்வெட்டியோடு போனாய்.

2012ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நீ ஒரு கட்டுப் பேப்பரை மேஜையில் பரப்பினாய். பழைய பேரேட்டின் நகல், பெயர்கள் இல்லை, நம்பர் மட்டும். “அம்மா, நீ படி, நான் கம்ப்யூட்டர்ல இருக்கறதோட சரிபாத்து டிக் பண்றேன். ஒத்த ஆளா பாத்தா கண்ணு ஏமாத்திடும்” என்றாய். எனக்கு அது வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோலப் பிடித்திருந்தது. நம்பர், வயசு, ஆபரேஷன் தேதி, கடைசி நிலை. படித்துக்கொண்டே போனேன். நான்காவது பக்கத்தின் நடுவில் என் நம்பர் வந்தது. அந்த நம்பர் போட்ட ஆஸ்பத்திரி அட்டை அப்போதும் என் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. வயசு முப்பத்தொன்று என்றேன். ஆபரேஷன் தேதி சொன்னேன். இறப்பு என்றேன், தேதியையும் படித்தேன். நீ “ம்” என்று சொல்லி டிக் அடித்தாய். என் சாவை நான் வாசிக்க, என் மகன் சரிபார்த்துவிட்டான். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன், குரல்கூட நடுங்கவில்லை. எப்படி அப்படி இருந்தேன் என்று இன்றைக்கு யோசித்தாலும் எனக்குப் புரியவில்லை.

சாயந்திரம் நீ கோட்டைப் போட்டுக் காட்டினாய். ஆபரேஷன் ஆனவர்களில் எத்தனை பேர் எத்தனை வருஷம் உயிரோடு இருந்தார்கள் என்று காட்ட, இடது பக்கம் உச்சியில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்குகிற கோடு. இந்தப் படி எத்தனை பேர் என்று கேட்டேன். “ஒருத்தரும்மா. ஒருத்தர் போனா ஒரு படி எறங்கும்” என்றாய். மூன்றாம் வருஷத்துப் பக்கம் கடுகளவு ஒரு படி இருந்தது. அதன்மேல் விரலை வைத்தேன். என் கையில் பஜ்ஜி எண்ணெய். “பேப்பர்ல கற ஆயிடும்மா, எடு” என்று என் கையைத் தட்டிவிட்டாய். அந்தப் படியில் நின்றவள் நான்தான்டா.

கோட்டில் இடையிடையே சின்னச் சின்னக் குச்சிகள் நின்றன, அது என்ன என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை வார்த்தைக்கு வார்த்தை வைத்திருக்கிறேன். “அவங்கல்லாம் நடுவுல வராம போயிட்டவங்கம்மா. இருக்காங்களா இல்லையான்னு தெரியாது. தெரியாதத நாங்க செத்துட்டாங்கன்னு எழுத மாட்டோம். ஆனா கடைசியா பாத்த நாள் வரைக்கும் உசுரோட இருந்தாங்க இல்ல, அது நெஜம். அந்த நெஜத்த தூக்கிப் போடவும் மாட்டோம். அந்த நாள் வரைக்கும் அவங்களும் கோட்டத் தாங்குவாங்க.” முப்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எடுத்தவள் நான், திடீரென்று நின்றுவிட்ட பிள்ளையின் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அவள் வந்த நாட்கள் வந்த நாட்கள்தானே என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. எங்கேயோ யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒளிந்து போனவளைக்கூட விட்டுவிடாமல், அவள் உயிரோடு இருந்த ஒவ்வொரு நாளையும் கணக்கில் வைத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாரே! நான் பேசாமல் இருந்திருந்தால்கூடப் போதும், ஒரு குச்சியாக அந்தக் கோட்டில் நிமிர்ந்து நின்றிருப்பேன். கணிதம் எனக்காக அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தது, நான்தான் அவசரப்பட்டு என்னைக் கொன்றேன்.

இன்னொன்றும் அன்றைக்குக் கேட்டேன், நீ விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்தாய். செத்ததாக எழுதிய ஒருத்தி திரும்பி வந்தால் என்ன ஆகும் என்றேன். நீ சிரித்தாய். “அந்தப் படி போயிடும்மா. அதோட போவாது, அங்கேருந்து கடைசி வரைக்கும் கோடு முழுக்க ஒரு மயிரிழ மேல ஏறும்” என்றாய். ஒருத்திக்காகக் கடைசிவரை கோடு முழுவதுமா? அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது வரிசையாக நிற்கிற வண்டிகளைப் பார்த்து, இதில் எத்தனை பெண்கள் என்னைப் போலச் செத்ததாக எழுதிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருக்கிறார்களோ என்று நினைப்பேன். அந்த அதிசயத்தைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பிழைத்தேன், அதனால் ரீட்டாவும் பிழைப்பாள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பொய் டிக்தான். உன் கோட்டில் உள்ள மற்றப் படிகளெல்லாம் நிஜமான பெண்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நீ எந்தக் கோட்டைப் பார்த்துப் பயந்துபோய் உன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்க்கிறாயோ, அந்தக் கோடு என் பயத்தாலும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. உங்கள் பதில் இனி வரப்போகும் பெண்களுக்கு உதவும் என்று அந்த ரெக்கார்டு அம்மா எழுதினாரே. வந்த பெண் என் மருமகள். நான் அனுப்பிய பதில் அவளை ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவைத்திருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு வேண்டாம்.

என்னை நீ திட்டு, சண்டை போடு, ஒரு வாரம் பேசாமல் இரு, எல்லாம் வியாழக்கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள். இப்போது எழுந்து உள்ளே போ. அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பார், அப்பா என் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்தாரே, அது போதும். பிறகு இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. அவளுக்கு மட்டும் என்றில்லை, யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, செல்வி அத்தையிடம் நானே சொல்லிவிட்டேன். “காட்டட்டும் அண்ணி, எனக்கு இனிமே இன்னா பயம்?” என்றாள். எங்கேயாவது ஒரு பீரோவில் புடவைக்கு அடியில் அட்டையை ஒளித்து வைத்திருக்கிறவள் இதைப் படித்தால், அவளும் எழுந்து வரட்டும்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ரீட்டாவிடம் நான் தனியாகப் பேச வேண்டும். இருபத்துநாலு வருஷமாக ரவிக்கைக்குள் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்து மறைத்த தழும்பை அவளுக்குக் காட்டப் போகிறேன். தொட்டுப் பார்க்கட்டும். வியாழக்கிழமை அவளோடு நானும் ஆஸ்பத்திரிக்கு வருவேன், அவித்த மல்லாட்டையும் கொண்டுவருவேன். அவள் உள்ளே போன பிறகு, என்னை ரெக்கார்டு செக்‌ஷனுக்குக் கூட்டிப்போ. அந்தப் பேரேட்டை எடுக்கச் சொல், நான்காவது பக்கம், நடுவில். அன்றைக்கு நான் வாசித்தேன், நீ டிக் அடித்தாய். இந்தத் தடவை நீ வாசி. என் நம்பரைச் சத்தமாகச் சொல். முப்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பிள்ளைகள் வாயால் மட்டுமே நான் கேட்ட பதிலை, எழுந்து நின்று நான் சொல்ல வேண்டும்.

உள்ளேன் ஐயா.

அம்மா